தயவுசெய்து யாரும் கை கழுவாதீர்கள்

ஒழுங்கில்லாதவர்களால் வரும் தொல்லையை உலகம் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. அவர்களிடம் முக்கியமான வேலை எதையும் யாரும் தருவதில்லை. ஒழுங்கானவர்களால் வரும் ஆபத்தைப் பற்றித்தான் ஒருவரும் எச்சரிப்பதில்லை. நம்பிச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் ஒழுங்கானவன். என் கைக்குட்டைகள் ஒரே அளவில் மடிந்திருக்கும். செருப்புகள் வாசற்படிக்குச் செங்குத்தாக நிற்கும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் டைரி எழுதாமல் படுத்ததில்லை. ("என்னத்த எழுதுவீங்க, செருப்பு நேரா நின்னுச்சுன்னா?" என்று என் மனைவி கேட்பாள். சில நாள் அதையும் எழுதியிருக்கிறேன்.) இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் அவள் தன் புது கிளினிக்கின் வாஷ்பேசினை ஒப்படைத்தாள்.

என் மனைவி சுமதி டாக்டர். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளுடைய அறையில் எல்லாம் இருந்தது, வாஷ்பேசின் மட்டும் இல்லை. அது நடைவழியின் கோடியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்த பிறகு அடுத்தவரைத் தொடுவதற்கு முன் அவள் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வருவாள். டாக்டர் இருக்கையிலேயே இருப்பதில்லை என்று அவள்மேல் புகார் போனது. அதற்கும் அவள் நடையைக் குறைக்கவில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்டு, பாகலூர் சாலைப் பக்கம் வாடகைக்கு இடம் பிடித்துச் சொந்தக் கிளினிக் ஆரம்பிக்க முடிவு செய்தாள்.

"எனக்கு ஆடம்பரம் எதுவும் வேணாங்க" என்றாள். "என் ரூம்ல, கை நீட்டுனா எட்டற தூரத்துல ஒரு வாஷ்பேசின். முழங்கையால தட்டித் திறக்கற நீளக் கைப்பிடி வெச்ச குழாய். அவ்வளவுதான்."

வேறு கணவனாக இருந்தால் கடைக்குப் போய் வாங்கிவந்து மாட்டியிருப்பான். நானோ சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்ப்பவன். எங்களிடம் ஒரு குழாய் மாட்டச் சொன்னால், குழாய் மாட்டுவதில் என்னென்ன தவறு நேரலாம் என்று முதலில் ஒரு கூட்டம் போடுவோம்.

உண்மையில் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கிடைத்ததை எல்லாம் படித்தேன். குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் துளையின்மேல் விழக்கூடாது, விழுந்தால் துளைக்குள் குடியிருக்கும் கிருமிகள் தெறித்து வெளியே வரும் என்று தெரிந்துகொண்டேன். ஆகவே தண்ணீர் பேசினின் சரிவில் பட்டு வழுக்கிக்கொண்டு போகும்படி அமைத்தேன். தெறிக்காது, சத்தமும் வராது. (இந்தச் சத்தம் வராத விஷயத்தை நினைவில் வையுங்கள். அன்று எனக்கு அதில் தனிப் பெருமை.) தண்ணீரைத் தேக்கும் அடைப்பான் கூடாது. கருவி கழுவும் தொட்டி வேறு, கை கழுவும் தொட்டி வேறு. எல்லாரும் துடைக்கும் துணித் துண்டு கூடாது, காகிதத் துண்டுதான். குப்பைக்கூடையைக் காலால் மிதித்துத் திறக்க வேண்டும். சுமதி பார்த்துவிட்டு, "பரவாயில்லயே" என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டு விழா.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினுக்கு ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை முழுதாக மூடாமல் அச்சு கீழே இறங்காது. ஆள் கவனமாக இருக்கிறானா, தூங்கி வழிகிறானா என்பதெல்லாம் மெஷினுக்கு அக்கறை இல்லை. கதவு மூடவில்லையா, நான் ஓட மாட்டேன் என்று நின்றுவிடும். இதற்கு இன்டர்லாக் என்று பெயர். என்னைப் பொறுத்தவரை மனித குலம் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான். ஒருநாள் காலை பல் துலக்கும்போது எனக்குத் தோன்றியது: மனிதர்கள் கை கழுவ மறக்கிறார்கள். கழுவாமல் கதவே திறக்காது என்று செய்துவிட்டால்?

முழங்கைக் குழாயை ரத்து செய்தேன். கையை நீட்டினால் தானே திறக்கும் சென்சார் குழாய் வாங்கினேன். அறைக்கதவில் மின்காந்தப் பூட்டு. வெளியிலிருந்து வருபவர் பச்சைப் பொத்தானை அழுத்தி உள்ளே வரலாம்; கண்டவர் அழுத்தாமலிருக்க அதற்கும் ஒரு சாவி, சாவி போடாமல் அழுத்தினால் வேலை செய்யாது. உள்ளே பொத்தான் கிடையாது. சென்சாரில் கை தெரிந்து, குழாயில் இருபது வினாடி இடைவிடாமல் தண்ணீர் ஓடினால்தான் கதவு திறக்கும். நடுவில் தண்ணீர் நின்றால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

வயரிங் செய்து கொடுத்தவன் எங்கள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் முத்துக்குமார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவனுடைய பேச்சு தாமிரபரணியை விட்டு ஓரடி நகரவில்லை.

"சார், அவசரத்துக்குத் திறக்கதுக்கு உள்ள ஒரு சுவிட்சு வச்சிருவோமா?" என்று கேட்டான்.

"வெச்சா எல்லாரும் அதைத்தான் அழுத்துவாங்க" என்றேன். தொழிற்சாலையில் இன்டர்லாக்கை ஏமாற்றச் சுவிட்சில் செலோடேப் ஒட்டி வைப்பவர்களைத் துரத்திப் பிடிப்பதே என் உத்தியோகம். என்னிடமா இந்தப் பேச்சு?

"கரண்டு போச்சுன்னா தானா தொறந்துக்கிடும், அது ஒண்ணு இருக்கு."

"கரண்டு போனாலும் பூட்டு வேலை செய்யணும். இன்வர்ட்டர்ல கொடுத்துடு."

"சரி, சார் சொல்லுதீங்க" என்றான். அந்த வாக்கியத்தில் பொறுப்பு முழுவதும் எழுவாயின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

இன்வர்ட்டரை வெளியே வரவேற்புப் பக்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எல்லாச் சாவிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒரே கொத்தாக்கி என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தூசி புகாமலிருக்கக் கதவின் அடியில் ரப்பர் பட்டை. ஏ.சி. அறை என்பதால் ஜன்னலுக்குத் திறக்காத கண்ணாடி. சுமதி ஒரு சின்ன சானிடைசர் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "அது சோம்பேறிகளுக்கு" என்று எடுத்து அவள் கைப்பையிலேயே போட்டுவிட்டேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பெரிய விஷயம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறொரு பெரிய தொழிற்சாலையின் தொழிலாளர் நல அலுவலர் மஞ்சுநாத், கிளினிக்கைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். தொழிலாளர்களின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையை எந்தக் கிளினிக்குக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்பவர் அவர். அது கிடைத்தால் சுமதியின் கிளினிக் முதல் வருடத்தைத் தாண்டிவிடும். கிடைக்காவிட்டால் அவள் மறுபடி அந்த ஜெனரேட்டர் அறை வழியாக நடக்க வேண்டியிருக்கும். "அவர் வர்ற நேரத்துல நீங்க அதிகமா பேசாதீங்க" என்று மட்டும் சுமதி என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

காலையில் ஹோமம், பால் காய்ச்சுதல் எல்லாம் முடிந்தன. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் என் கைக்கு வந்தன. தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பவன் நான்தான். என் பொட்டு வட்டமாக இருக்கும், வழியாது, நடுவில் குங்குமம் நடுவிலேயே இருக்கும். எடை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி, இன்வர்ட்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே கன்சல்டிங் அறைக்கு வந்தேன்.

குழாயின் கழுத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தேன். பளபளக்கும் உலோகத்தின் நடுவே, எதிரில் நிற்பவரைப் பார்த்தபடி, சின்னதாக, கறுப்பாக, கச்சிதமான ஒரு வட்டம். பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்டுவைத்தது போல இருந்தது. அதன்மேல் சந்தனத்தை அழுத்தி, ஓரம் நிரவி, குங்குமம் வைத்தேன்.

விரல் பட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. பூஜையை ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கண்ணில்கூட ஒத்திக்கொண்டேன்.) தானே நின்றுவிடும் என்று திரும்பி நடந்தேன். கதவு எனக்கு மரியாதையாகத் திறந்தது, பின்னால் தானே சாத்திக்கொண்டது.

அந்தக் கறுப்பு வட்டம்தான் சென்சாரின் கண். கண்ணுக்கு நேராக ஒரு சந்தனக் கட்டி நின்றால், அதைப் பொறுத்தவரை ஒரு கை நீட்டியபடியே நிற்கிறது. அது கடமை தவறாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. என் வடிவமைப்பின் மகிமையால் சத்தமே இல்லை. பக்கத்துக் காலிமனையில் ஷாமியானா, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், வந்தவர்களுக்கு வரவேற்பு என்று நாங்கள் இருக்க, மாடித் தொட்டி முழுவதும் அந்த ஒரு குழாய் வழியாக ஓசூர் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் பந்தி உட்கார்ந்திருக்கும்போது மஞ்சுநாத் வந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ், இடுப்பில் இரண்டு போன். "ஊட்டா எல்லாம் பேடா சார், சாப்பாடு வேணாம். அரை மணி நேரம்தான் இருக்கு. இன்னொரு கிளினிக் பாக்கணும்" என்றார்.

அவரை உள்ளே அழைத்துப் போனேன். சாவி போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன், நுழைந்தோம், பின்னால் கதவு "டொக்" என்று மூடியது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

உள்ளே என் மாமியார் பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்தார். ஊத்தங்கரையிலிருந்து உறவினர்களோடு வேனில் வந்தவர். முதல் நோயாளி தான்தான் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார். "மொத மொதல்ல நோவோட ஒருத்தர் வந்தா நல்லாவா இருக்கும்? எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே, நானே வரேன்" என்பது அவருடைய வாதம். சுமதி அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்து எழுந்தாள். கை கழுவத் திரும்பினாள்.

அதிகமாகப் பேச வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதனால் சுருக்கமாக, கிருமி என்பது என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு இன்டர்லாக்குக்கு வந்தேன். "இந்த ரூமை விட்டு, கை கழுவாம டாக்டர் இல்ல, யாருமே வெளிய போக முடியாது சார். இப்ப பாருங்க."

சுமதி கையை நீட்டினாள். தண்ணீர் வரவில்லை.

"கொஞ்சம் கிட்ட காட்டு" என்றேன். காட்டினாள். நான் என் கையை நீட்டினேன். மேலும் கீழும் ஆட்டினேன். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் குழாயிடம் ஏதோ வேண்டுதல் வைப்பது போல இருந்திருக்கும்.

"நீர் பர்தா இல்லா சார்?" என்றார் மஞ்சுநாத்.

"வரும் சார், வரும்."

மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஏன் மாப்ள, அதும் கண்ணு மேலயே பொட்டு வெச்சிக்கினு இருக்குதே, அதுக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

மஞ்சுநாத் குனிந்து பார்த்தார். "யாரு சார் வெச்சது? ரொம்ப அழகா, ரவுண்டா இருக்கு."

"எங்க மாப்ளதான். காலைல ஓரமெல்லாம் நிரவி நிரவி வெச்சாரு. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

எனக்குக் காலையில் வந்த தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. அதன்பின் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதன்பின் கதவு. மூன்றும் இந்த வரிசையில் வந்தபோது என் முகம் போன போக்கைச் சுமதி பார்த்துவிட்டாள்.

"தொட்டி காலியா?" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது."

"தண்ணி இல்லன்னா கதவு?"

"திறக்காது."

"உள்ள சுவிட்சு?"

நான் கதவின் அடியில் சாவிகூட நுழையாத ரப்பர் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளிய பச்சைப் பொத்தானுக்கும் சாவி வேணும். அலமாரி சாவி இருந்தா இன்வர்ட்டரை நிறுத்திடலாம்" என்றேன்.

"சாவி எங்க?"

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு இருந்தது. சுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

முத்துக்குமாருக்குப் போன் செய்தேன். பந்தியில் இருந்தான். "சார், இப்பதான் ரசத்துக்கு வந்திருக்கேன்" என்றான். விஷயத்தைச் சொன்னேன். பிறகு மிக மரியாதையாக, "யாரெல்லாம் சார் உள்ள இருக்கீய?" என்று கேட்டான். சொன்னேன். "அவரும் இருக்காரா" என்றான்.

கதவுக்கு வெளியே வந்து குரல் கொடுத்தான். "சார், மெயினை ஆஃப் பண்ணிப் பாக்கட்டா?"

ஆஃப் செய்தான். ஏ.சி. நின்றது, விளக்கு அணைந்து எரிந்தது. பூட்டு அசையவில்லை. இன்வர்ட்டர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது.

"இந்த அலமாரிப் பூட்டை உடைச்சிருதேன் சார்."

"உடைக்கச் சொல்லுங்க" என்றாள் சுமதி.

மஞ்சுநாத் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என் அமைப்பை உடைத்துத் திறப்பதா? "வேணாம் முத்து, மோட்டாரைப் போடு. தொட்டியில கொஞ்சம் தண்ணி ஏறட்டும். சென்சார்ல பொட்டு இருக்கறதால குழாய் திறந்தேதான் இருக்கு. இருபது வினாடி ஓடினா போதும், கதவு தானா திறந்துடும்." சொல்லச்சொல்ல, இது என் அமைப்பின் வெற்றி என்றே எனக்குப் பட்டது.

"மாமியார வெச்சி ஆராய்ச்சி பண்றாரு" என்றார் மாமியார், மஞ்சுநாத்திடம்.

மோட்டார் ஓடியது. காத்திருந்தோம். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். மாமியாரும் சேர்ந்துகொண்டார். சிறிது தூரம் போனதும் மஞ்சுநாத்தும் கன்னடத்தில் எண்ணினார். பதினாலை எட்டியபோது வெளியே பெரிய ஆரவாரம் கேட்டது. "ஏய், தண்ணி வந்துடுச்சி வாங்கடா."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் கை கழுவ, ஷாமியானா ஓரமாக ஒரு நீளக் குழாயில் ஆறு திருகுகள் வைத்து நான் தனி ஏற்பாடு செய்திருந்தேன். அதே தொட்டியிலிருந்துதான். முதல் பந்தி முழுவதும் சாம்பார்க் கையோடு அங்கே நின்றுகொண்டிருந்தது.

எங்கள் குழாய் மெலிந்து, சொட்டி, நின்றது. கணக்கு பூஜ்யத்துக்குப் போனது.

மறுபடி வந்தது. மறுபடி வெளியே ஆரவாரம். மறுபடி நின்றது. ஒருமுறை பதினெட்டு வரை வந்தோம். அந்தப் பதினெட்டில் மஞ்சுநாத் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நின்றதும் கையை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு போனும் மாறி மாறி அடித்தன. அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. மோட்டாருக்காக மெயினை மறுபடி போட்டதும் ஏ.சி. ஓட ஆரம்பித்துவிட்டது, அப்படியும் வேர்த்திருந்தது.

சுமதி அதைக் கவனித்தாள். "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். கைப்பையைத் திறந்து, நான் சோம்பேறிகளுக்கு என்று சொன்ன அந்தப் பாட்டிலை எடுத்துக் கையில் ஊற்றி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல், "கைல அழுக்கு தெரியாதப்ப இது போதும். தண்ணி இல்லாத நாளுக்குத்தான் இது" என்றாள்.

ரத்த அழுத்தம் பார்த்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள். "எப்ப கடைசியா பாத்தீங்க?"

"நானா மேடம்? நான் மத்தவங்களைத்தான் செக்கப்புக்கு அனுப்புவேன்" என்றார் மஞ்சுநாத். "எனக்கு எங்க டைம்?"

"இப்ப இருக்கு" என்றாள் சுமதி.

மாமியார் கட்டிலை விட்டு இறங்கி, "நீ படுத்துக்கப்பா" என்று இடம் கொடுத்தார். அடுத்து அங்கே நடந்தது, நான் இதுவரை பார்த்ததிலேயே நிதானமான மருத்துவப் பரிசோதனை. சுமதி கேட்டாள், அவர் சொன்னார். தூக்கம், சாப்பாடு, அப்பாவுக்கு வந்த நெஞ்சுவலி, ஷிப்ட் மாறும் வாரங்களில் வரும் தலைவலி. போன் அடித்தது, அவரே அணைத்துவிட்டார். நான் மூலையில் சாவிக்கொத்தோடு நின்றேன். வேறு எங்கே போவது?

வெளியே முத்துக்குமார் ஷாமியானாவுக்கும் கதவுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். "ஆறு குழாயையும் மூடச் சொல்லுதேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ சார். ஒரு ஆளை மூடச் சொன்னா அடுத்த ஆளு தொறக்காரு."

"மைக் இருக்கு இல்ல, மைக்ல சொல்லு" என்றேன். அன்று நான் கொடுத்த உத்தரவுகளில் கடைசி உத்தரவு அது.

நாதஸ்வரம் சட்டென்று நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அந்தத் தெருவுக்கும், அடுத்த இரண்டு தெருக்களுக்கும், பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி முத்துக்குமாரின் குரல் வந்தது:

"அன்பார்ந்த பொதுமக்களே. தயவுசெய்து யாரும் கை கழுவாதீங்க. நீங்க கை கழுவுனா டாக்டரம்மா வெளிய வர முடியாது. மறுபடியும் சொல்லுதேன். கிளினிக்குக்கு வந்திருக்க யாரும் கை கழுவ வேண்டாம்."

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்திருந்த சுமதிக்குக்கூட அது கேட்டிருக்க வேண்டும். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போய் முன்னால் வந்து பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். படுத்திருந்த மஞ்சுநாத் முதலில் வயிறு குலுங்க, பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். "மேடம், பி.பி. ஏறிடும், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். முத்துக்குமார் நிறுத்தவில்லை. அவன் மூன்றாவது முறை, குழந்தைகளையும் பிடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான்.

குழாய் மறுபடி இருமியது. தண்ணீர் வந்தது. இம்முறை தடித்து, நிலையாக வந்தது. வெளியே கூட்டமே கை கழுவாமல் அமைதியாக நின்றது. நாங்கள் எண்ணவில்லை, பயமாக இருந்தது. "டொக்."

"போங்க, போங்க" என்று மாமியார் மஞ்சுநாத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வெளியே சாம்பார்க் கைகளை உயரத் தூக்கிப் பிடித்தபடி உறவினர்கள் இருபுறமும் நின்றார்கள். அறுவை சிகிச்சைக்குத் தயாரான டாக்டர்கள் கூட்டம் போல இருந்தது. கைதட்ட முடியாததால் வாயால் ஆரவாரம் செய்தார்கள். முத்துக்குமார் மைக்கில், "எல்லாரும் வெளிய வந்தாச்சு. இனிமே தாராளமா கழுவிக்கிடலாம்" என்றான். ஆறு குழாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

பின்னால் "டொக்" என்றது.

திரும்பிப் பார்த்தேன். சுமதி இல்லை.

அவள் எங்களோடு ஓடிவரவில்லை. ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடித்திருந்தாள், எதிரே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையோடு நடுவிலேயே தண்ணீர் நின்றுவிட்டது. கதவும் சாத்திக்கொண்டது.

"ஏங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பூட்டுப் போடாமலே எப்போதும் கை கழுவும் ஒரே ஆள் இந்த ஊரில் யாரோ, அவளைத்தான் நான் பூட்டியிருந்தேன். இது எனக்கு அந்தக் கதவுக்கு வெளியே, கையில் சாவிக்கொத்தோடு நிற்கும்போதுதான் புரிந்தது. பச்சைப் பொத்தான் பக்கமே போகாமல், அந்தக் கொத்தில் பெயர் பார்க்காமலே சாவியைக் கண்டுபிடித்து, அலமாரியைத் திறந்து, இன்வர்ட்டரை நிறுத்தினேன். முத்துக்குமார் மெயினை இறக்கினான். சுமதி நுரைக் கைகளை முன்னால் நீட்டியபடி வெளியே வந்தாள்.

"முழங்கைக் குழாய்" என்றாள். மறுநாள் மாலைக்குள் மாட்டிவிட்டேன். பூட்டைக் கழற்றினேன். சானிடைசர் பாட்டில் மேஜையில் அதன் இடத்துக்கு வந்தது.

மஞ்சுநாத் அன்று அந்த இன்னொரு கிளினிக்கைப் பார்க்கப் போகவில்லை. நேரமாகிவிட்டது என்றார். பரிசோதனை வேலை சுமதிக்குத்தான் வந்தது. "எந்த டாக்டரும் என்கூட இவ்வளவு நேரம் பேசுனதில்ல மேடம்" என்றார். ("வேற வழி இல்லாம பேசினேன்னு சொல்லல" என்று சுமதி பிறகு என்னிடம் சொன்னாள்.) மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். உள்ளே வந்ததும் முதலில் முழங்கையால் குழாயைத் தட்டுவார். தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். கதவை முழுதாகச் சாத்த விடுவதில்லை.

பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், ஆட்டோக்காரர்களுக்கு அது கை கழுவாத கிளினிக்தான். டாக்டரம்மா வெளியே வந்துவிட்டாரா என்று நோயாளிகள் கவலையோடு விசாரிக்கிறார்கள், நேரில் பார்த்த பிறகு சமாதானமாகிறார்கள். ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் சந்தனக் கிண்ணம் இப்போது முத்துக்குமார் கையில் இருக்கிறது. நான் கிட்டப் போனால் கிண்ணத்தை மறுகைக்கு மாற்றிக்கொள்கிறான்.

போன மாதம் ஊத்தங்கரையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனேன். குழாயில் கை வைக்கும் முன் வரிசையின் கோடியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"இரு மாப்ள, டாக்டர் வெளிய வந்துட்டாளான்னு பாத்துட்டுக் கழுவு."

அந்த வரிசையில் இருந்த எல்லாரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். மண்டபத்தின் மறுகோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த சுமதி திரும்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்து, சாவகாசமாகத் தலையாட்டினாள். அதன்பிறகுதான் குழாயைத் திறந்தோம்.